யாருடைய மானம்?

39 பேர் ‘படை திரும்பட்டும்’ என்றனர். 55 பேர் ‘கூடாது’ என்றனர். அமெரிக்க செனட் சபையில் 1970ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் முதல் நாள் நடைபெற்ற வாக்கெடுப்பு அது. எண்ணிக்கையைப் படித்துவிட்டு ஏட்டை மடித்து வைத்தவர்களுக்கு, ஏதோ ஒரு சட்டத் திருத்தம் தோற்றது என்ற செய்தி, அவ்வளவுதான். வியட்நாமின் சேற்று வயலில் துப்பாக்கி ஏந்தி நின்ற இளைஞனுக்கோ, அது அவனுடைய தலையெழுத்து. தலையெழுத்து என்று சொல்வதுகூடத் தவறு! எழுதியவர்கள் யார், எத்தனை பேர் என்பதுதான் அவைக்குறிப்பிலே பதிவாகியிருக்கிறதே!

திருத்தம் கேட்டது பெரிதொன்றுமில்லை. 1971ஆம் ஆண்டு முடிவதற்குள் வியட்நாமிலுள்ள அமெரிக்கப் படையினர் அனைவரும் தாயகம் திரும்ப வேண்டும். அதற்குப் பிறகும் அங்கே போரை நடத்திக்கொண்டிருக்கப் பணம் கிடையாது. இவ்வளவுதான் அதன் சாரம். கொண்டு வந்தவர்கள் இருவர். ஜார்ஜ் மக்கவர்ன், ஜனநாயகக் கட்சி. மார்க் ஹாட்பீல்டு, குடியரசுக் கட்சி; ஆம், அன்று ஆட்சியிலிருந்த நிக்சனின் சொந்தக் கட்சி! இருவரும் போரை ஏட்டிலே படித்தவர்கள் அல்லர். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானத்தை ஓட்டிக்கொண்டு 35 முறை களம் சென்று மீண்டவர் மக்கவர்ன். கடற்படை அதிகாரியாக இருந்த ஹாட்பீல்டு, அணுகுண்டு விழுந்த சிறிது காலத்திற்குள்ளே ஹிரோஷிமாவைக் கண்ணால் கண்டவர். இவர்களைப் பார்த்துக் கோழைகள் என்று சொல்ல நா எழுமோ? எழுந்தது! பாராளும் மன்றத்திலே சாய்வு நாற்காலியில் அமர்ந்திருந்த பலருக்கு எழுந்தது!

வாக்கெடுப்புக்குச் சற்று முன்னே மக்கவர்ன் எழுந்து நின்றார். நீண்ட சொற்பொழிவு அல்ல, சில நிமிடங்கள். 50,000 இளைஞர்களைக் காலத்திற்கு முன்பே கல்லறைக்கு அனுப்பியதில் இந்த அவையிலுள்ள ஒவ்வொருவருக்கும் பங்கு உண்டு என்றார். இந்த மண்டபத்திலே இரத்த வாடை வீசுகிறது என்றார். கொடியை உடலிலே சுற்றிக்கொண்டு, ‘வியட்நாமை விட்டு விலகோம்’ என்று முழங்குவதற்கு ஒரு செனட் உறுப்பினருக்கோ குடியரசுத் தலைவருக்கோ துணிவே தேவையில்லை, ஏனெனில் அங்கே சிந்துவது நம்முடைய இரத்தம் அல்ல என்றார். அவை திடுக்கிட்டது. திடுக்கிட்ட பிறகு, 55 பேர் எதிர்த்து வாக்களித்தனர்.

எதிர்த்தவர்கள் அனைவரும் போர்வெறியர்கள் என்று நாம் கூறமாட்டோம். அவர்களிலே பலர் உள்ளூரப் போரை வெறுத்தவர்கள். பிறகு ஏன் எதிர்த்தார்கள்? ஒரு சொல் அவர்களைக் கட்டிப் போட்டிருந்தது. மானம்! அமெரிக்காவின் மானம்! உலகின் முதல் வல்லரசு, ஓர் ஏழை உழவர் நாட்டிலிருந்து தோற்றுத் திரும்புவதா? தேதி குறித்துக்கொண்டு வெளியேறினால் நேச நாடுகள் என்ன எண்ணும்? பகைவர் எள்ளி நகையாட மாட்டாரோ? நிக்சன் 1968ஆம் ஆண்டுத் தேர்தலிலே தந்த வாக்குறுதியே ‘மானத்தோடு கூடிய சமாதானம்’ என்பதுதான்.

மானம் என்ற சொல் நமக்குப் புதிதல்ல. தன்மானம் என்ற சொல்லை உயிர்மூச்சாகக் கொண்டு வளர்ந்த இயக்கத்தின் ஏடு இது. ஆகவே, ஒருவர் ‘மானம் போய்விடும்’ என்று கூறும்போது நாம் அதை அலட்சியமாகத் தள்ளுவதில்லை. ஆனால் கேட்கிறோம். யாருடைய மானம்? எதனால் போகும்? காப்பாற்ற விலை கொடுப்பது யார்? இந்த மூன்று கேள்விகளையும் வியட்நாம் போரைப் பற்றி அமெரிக்க மக்கள் தங்கள் ஆட்சியாளரிடம் எட்டாண்டுக் காலம் கேட்டார்கள். விடை கோட்டைக்குள்ளே ஒரு பெட்டியிலே பூட்டி வைக்கப்பட்டிருந்தது.

உள்ளே நுழைந்த கதையை முதலில் பார்ப்போம். 1964ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள், டாங்கின் வளைகுடாவில் மாடாக்ஸ் என்ற அமெரிக்கப் போர்க் கப்பலை வட வியட்நாமியப் படகுகள் தாக்கின. இது நடந்தது. 4ஆம் நாள் மீண்டும் தாக்கின என்றார்கள். இது நடக்கவில்லை! நடக்கவில்லை என்பதை நாம் கூறவில்லை. அமெரிக்க அரசின் ஒற்றுத்துறை வரலாற்றாசிரியர் ஒருவரே ஆராய்ந்து எழுதி, அந்த ஆய்வு 2005ஆம் ஆண்டிலே வெளியிடப்பட்டது. நடக்காத தாக்குதலைக் காட்டி, குடியரசுத் தலைவர் ஜான்சன், தமக்குத் தேவையெனத் தோன்றும் எல்லா நடவடிக்கைகளையும் எடுக்க அதிகாரம் கேட்டார். ஆகஸ்டு 7ஆம் நாள் கொடுத்துவிட்டார்கள். பிரதிநிதிகள் சபையில் 416 பேர் ஆதரவு. எதிர்ப்பு ஒருவர்கூட இல்லை. செனட் சபையில் 88 பேர் ஆதரவு, எதிர்ப்பு 2. ஆரிகன் மாநிலத்து வெயின் மோர்ஸ் ஒருவர், அலாஸ்கா மாநிலத்து எர்னஸ்ட் குரூனிங் மற்றொருவர். போர் தொடுக்கும் உரிமை மக்கள் மன்றத்துக்கே உரியது, அதை ஒரு தனி மனிதர் கையிலே ஒப்படைக்க எங்களால் முடியாது என்றார்கள் அவ்விருவரும். இவர்களுக்குக் கிடைத்த பரிசு என்ன தெரியுமா? 1968ஆம் ஆண்டிலே இருவரும் பதவியிழந்தார்கள்.

சரி, ஜான்சனாவது வெற்றி கிட்டும் என்று நம்பினாரா? அந்த ஆகஸ்டுக்கு ஏறத்தாழ இரண்டரை மாதம் முன்னர், மே 27ஆம் நாள், தம் ஆலோசகர் பண்டியோடு தொலைபேசியிலே பேசினார். அந்த உரையாடல் பதிவாகியிருந்தது. பல ஆண்டுகளுக்குப் பின் வெளிவந்தது. அதிலே அவர் கூறுகிறார்: இது சண்டையிடத் தகுந்ததென்று எனக்குத் தோன்றவில்லை, ஆனால் வெளியேறவும் முடியுமென்று தோன்றவில்லை. கேட்டீர்களா தோழர்களே! அறையிலே தனியே பேசும்போது ‘தகுந்ததல்ல’. மேடையிலே வந்து நின்றால் ‘விடமாட்டோம்’! இந்த இரண்டு சொற்களுக்கும் இடையிலேதான் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட இளைஞர்கள் கடல் கடந்து அனுப்பப்பட்டார்கள். 1965 மார்ச் 8ஆம் நாள் டா நாங் கடற்கரையில் இறங்கியவர்கள் 3,500 பேர். 1969 ஏப்ரலில் வியட்நாமில் நின்றவர்கள் 5,43,000 பேர்.

இப்போது அந்தப் பூட்டிய பெட்டிக்கு வருவோம். டா நாங்கில் படை இறங்கிப் பதினாறே நாள் ஆன பிறகு, 1965 மார்ச் 24ஆம் நாள், பாதுகாப்புத் துறையின் உயர் அதிகாரி ஜான் மக்நாட்டன் என்பவர், அமைச்சர் மக்னமாராவுக்காக ஒரு குறிப்புத் தயாரித்தார். நாம் ஏன் அங்கே போரிடுகிறோம் என்று தமக்குத் தாமே கேட்டுக்கொண்டு, கணக்குப்பிள்ளை பேரேட்டில் எழுதுவது போல, நூற்றுக்கு இத்தனை என்று பங்கு பிரித்தார். அமெரிக்காவுக்கு இழிவான தோல்வி வராமல் தடுப்பதற்கு, 70. தென் வியட்நாமும் அதன் பக்கத்து நாடுகளும் சீனாவின் கைக்குப் போகாமல் தடுப்பதற்கு, 20. தென் வியட்நாம் மக்கள் இன்னும் சிறந்த, சுதந்திரமான வாழ்வு பெறுவதற்கு, 10.

பத்து! நூற்றுக்குப் பத்து!

மேடைதோறும், வானொலிதோறும், தொலைக்காட்சிதோறும் முழங்கினார்களே, வியட்நாமிய மக்களின் சுதந்திரத்துக்காகப் போரிடுகிறோம் என்று, அந்தச் சுதந்திரத்துக்கு அவர்களுடைய சொந்தக் கணக்கிலே கிடைத்த இடம் நூற்றிலே பத்து. எழுபது பங்கு, தங்கள் பெயர் கெட்டுவிடாமல் காத்துக்கொள்ள! யாருடைய மானம் என்று கேட்டோமே, இதோ விடை. தாயின் மானமா? களத்திலே நின்ற மகனின் மானமா? இல்லை. வாக்குக் கொடுத்துவிட்டோமே, இனி எப்படி மாற்றிப் பேசுவது என்று தவித்த ஆட்சியாளரின் மானம்! அந்த மக்நாட்டன் கொடியவர் அல்லர். பின்னாளில் போரிலே நம்பிக்கை இழந்து வருந்தியவர் என்றும் அறிகிறோம். அதனால்தான் அவருடைய கணக்கு நமக்கு அதிகம் அச்சமூட்டுகிறது. நல்ல மனிதர், நல்ல படிப்பு, தெளிவான கையெழுத்து. கணக்கு மட்டும் இப்படி!

இந்தக் கணக்கு மக்களுக்குத் தெரியாது. தெரியாமலே மக்கள் கேட்கத் தொடங்கினார்கள். 1966 பிப்ரவரியில் செனட் வெளிநாட்டு உறவுக் குழுவின் தலைவர் புல்பிரைட், பொது விசாரணை நடத்தினார். டாங்கின் தீர்மானத்தைச் செனட்டிலே முன்நின்று நிறைவேற்றித் தந்தவர் இதே புல்பிரைட்தான்! ஏமாற்றப்பட்டோம் என்று உணர்ந்ததும், தொலைக்காட்சிப் பெட்டிகளின் முன்னாலே அரசைக் கூண்டில் ஏற்றினார். ஜார்ஜ் கென்னன் என்ற மூத்த இராஜதந்திரி வந்து சாட்சி சொன்னார். பொதுவுடைமை நாடுகளை அடக்கி வைக்கவேண்டும் என்ற கொள்கைக்கே தந்தை என்று போற்றப்பட்டவர். அவர் சொன்னதென்ன? பொருந்தாத நிலையைத் துணிவோடு விட்டு விலகுகிறவனுக்கு உலகிலே கிடைக்கும் மதிப்பு, கைகூடாத குறிக்கோளைப் பிடிவாதமாகத் துரத்துகிறவனுக்குக் கிடைக்காது என்றார். மானத்தைப் பற்றி அந்தப் போர்க்காலத்திலே அமெரிக்காவில் பேசப்பட்ட பேச்சுக்களில், நமக்குப் பிடித்த பேச்சு இது.

அந்த நேரத்தில் நடந்த ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். கென்னன் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தபோது, சி.பி.எஸ். தொலைக்காட்சி நிறுவனம் அதை ஒளிபரப்பவில்லை. என்ன காட்டினார்கள் தெரியுமா? ‘ஐ லவ் லூசி’ என்ற பழைய நகைச்சுவைத் தொடரை, ஏற்கெனவே காட்டியதையே மீண்டும் காட்டினார்கள்! விளம்பர வருமானம் போய்விடுமாம். அந்த நிறுவனத்தின் செய்திப் பிரிவுத் தலைவர் பிரெட் பிரெண்ட்லி, இதைப் பொறுக்க மாட்டாமல் பதவி விலகினார். நாட்டிலே உயிர் வாழ்வா சாவா என்ற வழக்கு நடக்கிறது. வீட்டிலே சிரிப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள்!

அடுத்த ஆண்டு, 1967 ஏப்ரல் 4ஆம் நாள், மார்ட்டின் லூதர் கிங் நியூயார்க் ரிவர்சைடு தேவாலயத்தில் பேசினார். ஜார்ஜியாவிலும் ஹார்லத்திலும் தங்களுக்கே கிடைக்காத உரிமையை, 8,000 மைலுக்கு அப்பால் இன்னொரு நாட்டாருக்குப் பெற்றுத் தரவென்று கறுப்பு இளைஞர்களை அனுப்புகிறீர்களே, இது என்ன நீதி என்று கேட்டார். உடனே பெரிய பெரிய ஏடுகள் எல்லாம், ‘உமக்கு ஏன் ஐயா வெளிநாட்டு விவகாரம்? உம் மக்களின் உரிமையோடு நில்லும்’ என்று அவருக்கே பாடம் நடத்தின. உரிமை கேட்பவன் தன் தெருவைத் தாண்டிப் பேசக்கூடாது என்ற அந்தக் குரலை, ஒடுக்கப்பட்டோர் எந்த நாட்டிலும் கேட்டிருக்கிறார்கள். அதே ஏப்ரல் 28ஆம் நாள், குத்துச் சண்டை வீரர் முகமது அலி, படையிலே சேர மறுத்து நின்றார். உலக வீரர் பட்டத்தைப் பறித்தார்கள். மேடை ஏறவிடாமல் மூன்றாண்டுக்கு மேல் வைத்திருந்தார்கள். 1971ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் அவர்மீதான தண்டனையை ரத்துச் செய்தது. தண்டனை போயிற்று, ஒரு வீரனின் வாழ்விலே வலிமை மிக்க அந்த ஆண்டுகள் திரும்பி வருமா?

பிறகு 1968. ஜனவரி இறுதியில், டெட் எனும் வியட்நாமியப் புத்தாண்டு நாளில், தென் வியட்நாமின் நகரங்களெங்கும் ஒரே வேளையில் தாக்குதல். சைகோனிலுள்ள அமெரிக்கத் தூதரக வளாகத்துக்குள்ளேயே சண்டை! தாக்கியவர்கள் களத்திலே பேரிழப்புக்கு ஆளானார்கள், அதிலே ஐயமில்லை. ஆனால், ‘வெற்றி கண்ணுக்குத் தெரிகிறது’ என்று சில வாரங்களுக்கு முன்புவரை சொல்லி வந்தார்களே, அந்தச் சொல் அன்றோடு செத்தது. பிப்ரவரி 27ஆம் நாள் வால்டர் கிராங்கைட் என்ற செய்தியாளர், அமெரிக்கரின் வீட்டுத் திண்ணை மனிதர்போல் அனைவராலும் நம்பப்பட்டவர், இந்தப் போர் முட்டுச் சந்திலே நிற்கிறது, பேசித் தீர்த்துக்கொள்வதே வழி என்று தொலைக்காட்சியிலே கூறினார். மார்ச் 31ஆம் நாள் ஜான்சன், இனி தேர்தலில் நிற்கப்போவதில்லை என்று அறிவித்தார். அறிஞர் அண்ணா அவர்கள் யேல் பல்கலைக் கழகத்தின் அழைப்பை ஏற்று அமெரிக்கா சென்றதும் அதே 1968ஆம் ஆண்டில்தான்; வினாக்கள் எழுப்பும் மாணவர்களால் பல்கலைக் கழகங்கள் கொதித்துக் கொண்டிருந்த ஆண்டு.

நிக்சன் வந்தார். படையைக் குறைக்கவும் தொடங்கினார், இல்லை என்று கூறவில்லை. 1969 ஜூனில் 25,000 பேர் திரும்புவார்கள் என்ற முதல் அறிவிப்பு வந்தது. ஆனால் முடிவு நாள் எது? அதுமட்டும் கேட்கக்கூடாது! தென் வியட்நாமியப் படைக்குப் பயிற்சி தருகிறோம், அது வளர வளர நாங்கள் விலகுவோம் என்றார்கள். குழந்தை நடக்கக் கற்கும்வரை கையைப் பிடித்திருப்போம் என்ற பேச்சு. அந்தக் குழந்தைக்கு வயது எத்தனை என்று யாரும் கேட்கவில்லை.

1969 அக்டோபர் 15ஆம் நாள் நாடெங்கும் இலட்சக்கணக்கானோர் வேலையை நிறுத்தி, மெழுகுவர்த்தி ஏந்தி, போர் போதும் என்றார்கள். நவம்பர் 3ஆம் நாள் நிக்சன் தொலைக்காட்சியிலே தோன்றினார். வீதியிலே கூச்சலிடுவோர் சிறுபான்மை. வாய் திறவாமல் வீட்டிலிருக்கிறார்களே அவர்களே பெரும்பான்மை. அந்த மௌனப் பெரும்பான்மை என் பக்கம் என்றார். எவ்வளவு சாமர்த்தியமான வாதம்! பேசியவன் சிறுபான்மை, பேசாதவன் என் ஆள்! பேசாதவன் என்ன நினைக்கிறான் என்பதை அவனிடம் கேட்டாரா? கேட்டவர்கள் வேறு. 1968 ஆகஸ்டிலேயே கேலப் நிறுவனத்தின் கணிப்பில் பாதிக்கு மேற்பட்டோர், வியட்நாமுக்குப் படை அனுப்பியது தவறு என்று சொல்லியிருந்தார்கள்.

இன்னொன்றையும் இங்கே கவனிக்க வேண்டும். பதினெட்டு வயது நிரம்பினால் கட்டாயப் படைச் சேவைக்கு இழுத்துப் போகலாம். ஆனால் வாக்குரிமை? பெரும்பாலான மாநிலங்களில் 21 வயதுக்குத்தான்! சாவதற்கு வயது வந்துவிட்டது, சாக அனுப்புகிறவனைத் தேர்ந்தெடுக்க வயது வரவில்லை! இந்த அநீதி 1971 ஜூலையில், அரசியல் சட்டத்தின் 26ஆவது திருத்தத்தால்தான் நீங்கியது. அதுவரையிலே அந்த இளைஞனின் மௌனமும் நிக்சனின் கணக்கிலேதான் வரவு வைக்கப்பட்டது.

1970 ஏப்ரல் 30ஆம் நாள், குறைப்போம் என்றவர் கம்போடியாவுக்குள்ளும் படையை அனுப்பினார். மே 4ஆம் நாள், ஒகையோ மாநிலம் கென்ட் பல்கலைக் கழகத்தில், எதிர்ப்புத் தெரிவித்த மாணவர் கூட்டத்தை நோக்கிப் படைவீரர்கள் பதின்மூன்று வினாடி சுட்டார்கள். நால்வர் மாண்டனர், ஒன்பதின்மர் காயமுற்றனர். சில நாள் கழித்து மிசிசிப்பியில் ஜாக்சன் கல்லூரியிலே காவல்துறை சுட்டு இரு கறுப்பு இளைஞர்கள் மாண்டார்கள். கென்ட்டைப் பேசிய ஏடுகள் ஜாக்சனை அதே அளவு பேசவில்லை என்பதையும் குறித்து வைக்கிறோம். மே 8ஆம் நாள் நியூயார்க்கில், கட்டடத் தொழிலாளர்கள் மாணவர்களை விரட்டி விரட்டி அடித்தார்கள். அடித்தவன் தொழிலாளி, களத்திலே இருந்தது பெரும்பாலும் அவனுடைய வீட்டுப் பிள்ளை. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவனுக்குப் படைச் சேவையை ஒத்திப்போட வழியிருந்தது. செங்கல் சுமந்தவனின் மகனுக்கு இல்லை. அந்த எரிச்சலை ஆட்சியாளர்மீது திரும்பாமல் மாணவன்மீது திருப்பிவிட்ட திறமை இருக்கிறதே, அது ஆளவந்தார்களுக்கு எந்நாளும் கைவந்த கலை!

இந்தச் சூழ்நிலையில்தான் செப்டம்பர் முதல் நாள் அந்த 39ம் 55ம்.

எதிர்த்தரப்பின் வாதத்தை நாம் ஒளிக்கப்போவதில்லை. அவர்கள் சொன்னவற்றில் உண்மையும் இருந்தது. அமெரிக்காவை நம்பித் துணைநின்ற தென் வியட்நாமியர் என்ன ஆவார்கள் என்றார்கள். நியாயமான கேள்வி. 1975 ஏப்ரல் 30ஆம் நாள் சைகோன் விழுந்தபின், பழைய அரசிலும் படையிலும் இருந்தோர் பெருந்தொகையாக முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தவர்கள் பலர். இலட்சக்கணக்கானோர் படகேறிக் கடலிலே தத்தளித்தார்கள். கரை சேராதவர்கள் எத்தனை பேர் என்பதற்குச் சரியான கணக்கே இல்லை. போரை எதிர்த்தவர்களிலே சிலர், இதைப் பற்றிப் பின்னாளிலே வாய் திறவாதிருந்தது நமக்கு உவப்பானதல்ல. ஆனால் கேட்கிறோம்: 1970இல் வெளியேறாமல் 1973 வரை இருந்தார்களே, அந்த மூன்றாண்டு இவர்களிலே யாரைக் காத்தது? முகாமைத் தடுத்ததா? படகைத் தடுத்ததா? பாதுகாப்பாக அழைத்து வர வேண்டியவர்களை அழைத்து வர அந்த மூன்றாண்டைப் பயன்படுத்தியிருந்தாலாவது பொருள் உண்டு. அதுவும் இல்லையே! கடைசி நாளில் தூதரகக் கூரையிலிருந்து ஹெலிகாப்டர் கிளம்பும்போதும், வாயிலிலே மக்கள் காத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

1971 ஏப்ரல் 22ஆம் நாள், வியட்நாமிலே போரிட்டுத் திரும்பிய 27 வயது இளைஞர் ஜான் கெர்ரி, பச்சைப் படை உடையோடு புல்பிரைட் குழுவின் முன்னே அமர்ந்தார். ஒரு தவறுக்காகச் சாகும் கடைசி மனிதனாக இரு என்று, ஒருவனிடம் எப்படி ஐயா கேட்பீர்கள் என்றார். மறுநாள் அவரைப்போன்ற வீரர்கள் நூற்றுக்கணக்கில் வந்து, தாங்கள் பெற்ற பதக்கங்களைப் பாராளும் மன்றத்தின் படிக்கட்டிலே வீசி எறிந்தார்கள். மானத்தின் அடையாளம் என்று கொடுக்கப்பட்டவை அவை!

ஜூன் 13ஆம் நாள் பெட்டி திறந்தது. மக்நாட்டனிடம் முன்பு பணியாற்றிய டேனியல் எல்ஸ்பர்க், 7,000 பக்கமுள்ள இரகசிய வரலாற்றைப் படியெடுத்து ஏடுகளிடம் சேர்ப்பித்தார். நியூயார்க் டைம்ஸ் வெளியிடத் தொடங்கியது. அரசு நீதிமன்றம் ஓடியது, தடை கேட்டது. ஜூன் 30ஆம் நாள் உச்சநீதிமன்றம் ஒன்பதின்மரில் அறுவர் கருத்தால் தடை செல்லாது என்றது. பத்திரிகைகள் ஆளப்படுவோருக்கு ஊழியம் செய்யவே, ஆள்வோருக்கு அல்ல என்று நீதிபதி பிளாக் எழுதினார். எழுபது, இருபது, பத்து என்ற கணக்கை மக்கள் அப்போதுதான் கண்டார்கள்.

வியட்நாமுக்குள் நுழைய அதிகாரம் தந்ததாகச் சொல்லப்பட்ட டாங்கின் தீர்மானத்தை, 1971 ஜனவரியிலேயே ரத்துச் செய்துவிட்டார்கள். ஆனாலும் போர் நின்றதா? நிற்கவில்லை! படைத்தலைமை என்னிடம் இருக்கிறது, படையைக் காக்கும் பொறுப்பு என்னுடையது, அது போதும் என்றார் நிக்சன். கதவைத் திறந்த சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்ட பிறகும், வீட்டுக்குள்ளே உட்கார்ந்திருந்தவர் எழுந்திருக்கவில்லை.

அவராவது வெற்றி கிட்டும் என்று நம்பினாரா என்றால், அதற்கும் ஒலிநாடா இருக்கிறது. 1972 ஆகஸ்டு 3ஆம் நாள் வெள்ளை மாளிகையில் நிக்சனும் கிசிங்கரும் பேசுகிறார்கள். தென் வியட்நாம் எப்படியும் பிழைக்காது போலிருக்கிறது என்கிறார் நிக்சன். ஓராண்டு ஈராண்டு தாக்குப்பிடிக்கிற மாதிரி ஓர் ஏற்பாடு போதும், அதற்குப் பிறகு யாரும் இதைப் பொருட்படுத்தமாட்டார்கள் என்கிறார் கிசிங்கர். மானத்தோடு கூடிய சமாதானத்தின் உட்பொருள் இதுதான்! வீடு இடிந்தே தீரும். நாம் தெருமுனை திரும்பிய பிறகு இடியட்டும்!

அவ்வாண்டு நவம்பரில் நிக்சனும் மக்கவர்னும் தேர்தலில் மோதினார்கள். 50 மாநிலங்களில் 49 நிக்சனுக்கு! மக்கவர்னுக்குத் தம் சொந்த மாநிலம்கூடக் கிடைக்கவில்லை. தேர்தலுக்குப் பன்னிரண்டு நாள் முன்னர், சமாதானம் கைக்கெட்டும் தொலைவில் என்று கிசிங்கர் அறிவித்திருந்தார். தேர்தல் முடிந்தது. டிசம்பரில் ஹனாய்மீது குண்டுமழை. பாக் மாய் மருத்துவமனையும் தப்பவில்லை. 1973 ஜனவரி 27ஆம் நாள் பாரிசிலே கையொப்பம் ஆயிற்று. அதன் விதிகள், அக்டோபரிலே பேசி முடித்ததிலிருந்து பெரிதாக மாறவில்லை. வட வியட்நாமியப் படை தெற்கிலே நின்ற இடத்திலேயே நிற்கலாம். அமெரிக்கப் படை மட்டும் வெளியேறும். மார்ச் 29ஆம் நாள் கடைசிப் போர்ப்படை திரும்பியது. அந்தக் கோடையிலே பாராளும் மன்றம், ஆகஸ்டு 15ஆம் நாளுக்குப் பிறகு இந்தோசீனாவில் போருக்குப் பணமில்லை என்று கண்டிப்பாகக் கூறிவிட்டது. 55 பேர் மறுத்த அதே பணப்பூட்டு! மூன்றாண்டு தாமதித்துப் பூட்டினார்கள்.

அமெரிக்கர் மாண்டது 58,000க்கு மேல். அவர்களிலே 20,000க்கும் மேற்பட்டோர், மானத்தோடு முடிப்பேன் என்ற நிக்சன் பதவியேற்ற பிறகு மாண்டவர்கள். வாஷிங்டனில் 1982ஆம் ஆண்டு எழுப்பிய கருங்கல் சுவரிலே அவர்கள் பெயர்கள், வீழ்ந்த நாளின் வரிசைப்படி பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே, 1970 செப்டம்பர் முதல் நாளுக்குப் பிறகு எத்தனை பெயர் என்பதை விரல் வைத்து எண்ணிப் பார்க்கலாம். வியட்நாமியர் இழப்போ? அந்நாட்டு அரசு 1995இல் தந்த மதிப்பீட்டின்படி பொதுமக்கள் ஏறத்தாழ 20 இலட்சம், வடக்குத் தரப்புப் போராளிகள் 11 இலட்சம். வாஷிங்டனிலே எட்டாண்டு நடந்த வாதத்தில், எந்தப் பக்கத்தாரும் இந்த எண்ணிக்கையை அதிகம் பேசவில்லை. சுவரும் பேசவில்லை.

பாடம் கற்றுக்கொண்டார்களா? 2001 செப்டம்பர் 14ஆம் நாள், இரட்டைக் கோபுரம் வீழ்ந்த மூன்றாம் நாள், மறுபடியும் ஒரு தீர்மானம். இம்முறை குற்றம் உண்மை, துயரம் உண்மை. ஏறத்தாழ 3,000 பேர் மாண்டிருந்தார்கள். ஆனால் அதிகாரத்துக்கு எல்லைக்கோடு போட்டார்களா? இல்லை. நாடு எது என்று குறிக்கவில்லை, நாள் எதுவரை என்று குறிக்கவில்லை. செனட்டில் 98 பேர் ஆதரவு, எதிர்ப்பு இல்லை. பிரதிநிதிகள் சபையில் 420 பேர் ஆதரவு, எதிர்ப்பு ஒன்று! கலிபோர்னியாவின் பார்பரா லீ என்ற கறுப்பினப் பெண்மணி.

ஆப்கானிஸ்தானத்தில் இருபதாண்டு போயிற்று. இம்முறை கட்டாயப் படைச் சேவை இல்லை. ஆகவே வீதியிலே மெழுகுவர்த்தியும் இல்லை. கூலிக்குச் சேர்ந்த பிள்ளைதானே என்று நாடே முகத்தைத் திருப்பிக்கொண்டது. வெற்றி என்றால் என்னவென்று எங்களுக்கே தெரியவில்லை என்று தளபதிகள் உள்ளறையில் ஒப்புக்கொண்ட தாள்கள், வழக்காடிப் பெற்று, 2019 டிசம்பரில் வாஷிங்டன் போஸ்ட் ஏட்டில் வெளிவந்தன. மீண்டும் ஒரு பெட்டி! 2020 பிப்ரவரியில் டிரம்ப் அரசு தாலிபானுடன் தோஹாவிலே ஒப்பந்தம் செய்தது. 2021 ஏப்ரலில் பைடன், இந்தப் போரை ஐந்தாவது குடியரசுத் தலைவர் தலையிலே ஏற்றமாட்டேன் என்றார். ஆகஸ்டு 15ஆம் நாள் காபூல் விழுந்தது. 30ஆம் நாள் கடைசி விமானம் பறந்தது. இடையிலே விமான நிலைய வாயிலில் வெடித்த குண்டுக்கு 13 அமெரிக்கப் படையினரும் ஏறத்தாழ 170 ஆப்கானியரும் பலி. மொழிபெயர்த்தவன், வழிகாட்டியவன், பள்ளிக்கூடம் நடத்திய பெண், எல்லோரும் மதிலோரம் கையிலே காகிதத்தை உயர்த்திப் பிடித்து நின்றார்கள். இருபதாண்டிலே அவர்கள் பெயரை ஒரு பட்டியலில் எழுதி வைக்க நேரமில்லாமல் போயிற்றாம்!

மோர்சும் குரூனிங்கும் பதவியிழந்தார்கள் என்று மேலே சொன்னோம். பார்பரா லீக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. காவலர் துணையின்றி வெளியே நடமாட முடியாத நாட்கள் இருந்தன. 2002 தேர்தல் வந்தது. ஆக்லாந்து மக்கள் அவரையே மீண்டும் அனுப்பினார்கள். 2025 ஜனவரி வரை பிரதிநிதிகள் சபைக்கு அவரையே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அதே ஆண்டு, அந்த நகரத்தின் மேயராகவும் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.